தலைகளை எண்ணாத தீர்ப்பு: இணையச் சமவாய்ப்புக்கான 2015–16 போராட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

2015 ஏப்ரலில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு, இணையச் சமவாய்ப்பைக் காக்கக் கோரி 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. ஓராண்டு முடிவதற்குள் அதே ஆணையம் நடத்திய இன்னொரு கருத்துக்கேட்பில் ஏறத்தாழ 24 லட்சம் கருத்துகள் பதிவாயின. இந்த இரண்டாவது குவியலில் மிகப் பெரும்பகுதி, ஏப்ரலில் எழுதியவர்களின் நிலைப்பாட்டுக்கு நேர் எதிரானது. ஆயினும் 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் பிறப்பித்த ஒழுங்குமுறை, எண்ணிக்கையில் தோற்ற தரப்பின் வாதத்தையே விதியாக்கியது.

பத்து லட்சம் பேர் எழுதினார்கள், அரசு பணிந்தது என்று இந்தப் போராட்டத்தைச் சுருக்கிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. முதல் சுற்றுக்கு அந்த விளக்கம் ஓரளவு பொருந்தும். முடிவைத் தீர்மானித்த இரண்டாம் சுற்றுக்கு அது பொருந்தவே பொருந்தாது. கூட்டத்தின் அளவுதான் வென்றது என்றால் வென்றிருக்க வேண்டியவர்கள் வேறு. ஆகவே, தன்னார்வலர்கள் சிலர் இணையத்தின் வழியே திரட்டிய இந்த எதிர்ப்பு எந்த இடத்தில், எதன் காரணமாகப் பலித்தது என்பதை நிகழ்ச்சிகளின் வரிசையிலேயே பார்ப்பது நல்லது.

பின்னணி

இணைய இணைப்பை விற்கும் நிறுவனம், அந்த இணைப்பின் வழியே செல்லும் தரவு எந்தத் தளத்துக்கு உரியது, எந்தச் செயலிக்கு உரியது என்று பார்த்து விலையையோ வேகத்தையோ மாற்றக் கூடாது என்பதே இணையச் சமவாய்ப்பு, அதாவது நெட் நியூட்ராலிட்டி. இந்தியாவில் இது பொதுப் பேச்சாக மாறியது 2014 டிசம்பரில். இணையவழிக் குரல் அழைப்புகளுக்குப் பயன்படும் தரவுக்குத் தனிக் கட்டணம் வசூலிக்கப்போவதாக ஏர்டெல் அறிவித்தது. எதிர்ப்பு வலுத்ததும், டிராய் இது குறித்து விரைவில் கருத்துக் கேட்கவிருக்கிறது என்று காரணம் சொல்லி அறிவிப்பைத் திரும்பப் பெற்றது.

அந்தக் கருத்துக்கேட்பு அறிக்கை 2015 மார்ச் 27 அன்று வெளிவந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் செல்லாது என்று அறிவித்து அப்போது மூன்று நாள்கள்தான் ஆகியிருந்தன. இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்யும் அதிகாரம் வீழ்ந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள், இணையத்தில் எதை எளிதாக அணுக முடியும் என்பதை யார் முடிவு செய்வது என்ற அடுத்த கேள்வி வந்து நின்றது. இரண்டும் ஒரே உரிமையின் இரு பக்கங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமையில் தகவலைப் பெறும் உரிமையும் அடங்கும் என்பது நீதிமன்றங்கள் பலமுறை ஏற்றுக்கொண்ட நிலை. பணம் கட்டிய செயலி இலவசமாகவும், கட்ட இயலாத சிறு செய்தித் தளம் காசுக்கும் கிடைக்கும் ஏற்பாட்டில் தணிக்கை அதிகாரி எவரும் இல்லை. ஆனால் படிப்பவரின் தேர்வு அவர் அறியாமலேயே ஒரு பக்கம் சாய்க்கப்படுகிறது.

அறிக்கை 118 பக்கம் கொண்டது, ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, 20 கேள்விகளை முன்வைத்தது, பதிலளிக்க ஏப்ரல் 24 வரை அவகாசம் தந்தது. வாட்ஸ்அப், ஸ்கைப் போன்ற சேவைகள் உரிமமும் பெறாமல், அலைக்கற்றைக்குப் பணமும் செலுத்தாமல் தங்கள் வருவாயைக் கரைக்கின்றன என்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களின் முறையீடு அதில் மேலோங்கி ஒலித்தது. ஒழுங்குபடுத்துவதா வேண்டாமா என்பதைவிட எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்பதை நோக்கியே பல கேள்விகள் நகர்ந்தன. இத்தகைய ஆவணத்துக்கு வழக்கமாகப் பதில் எழுதுவோர் நிறுவனங்களின் ஒழுங்குமுறைப் பிரிவினரும், தொழில்துறைச் சங்கங்களும், விரல்விட்டு எண்ணக்கூடிய நுகர்வோர் அமைப்புகளும்தாம். பொதுமக்களுக்குக் கதவு சட்டப்படி திறந்தே இருந்தது. நுழைவதற்கு 118 பக்கங்களைப் படிக்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் 6 அன்று ஏர்டெல் ஜீரோ அறிவிக்கப்பட்டதும் விஷயம் சூடுபிடித்தது. செயலி நிறுவனம் ஏர்டெல்லுக்குப் பணம் கொடுத்துவிட்டால், வாடிக்கையாளர் அந்தச் செயலியைத் தரவுக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அதுவரை கருத்தளவில் பேசப்பட்டது, பெயரும் விலைப்பட்டியலும் கொண்ட விற்பனைப் பொருளாகக் கண்முன் வந்தது.

முதல் சுற்று: கடிதம் எப்படி எழுதப்பட்டது

தொழில்நுட்பக் கொள்கைச் செய்தித் தளமான மீடியாநாமாவின் ஆசிரியர் நிகில் பாவா, வழக்கறிஞர் அபர் குப்தா ஆகியோர் உட்படப் பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் மென்பொருளாளர்களும் அடங்கிய ஒரு குழு இந்த வேலையில் இறங்கியது. பதிவு செய்த அமைப்போ அலுவலகமோ அவர்களுக்கு இல்லை. சிலர் அறிக்கையைப் படித்துச் சுருக்கம் எழுதினார்கள். சிலர் 20 கேள்விகளுக்கும் பதில் வரைந்தார்கள். சிலர் 'சேவ் தி இன்டர்நெட்' என்ற பெயரில் தளத்தை உருவாக்கினார்கள்.

அந்தத் தளம் செய்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனெனில் இந்த நிகழ்வின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. பார்வையாளரிடம் அது கையெழுத்துக் கேட்கவில்லை. கேள்வி எண் வாரியாக வரையப்பட்ட பதில்களைக் கொண்ட கடிதம் ஒன்றைக் கையில் கொடுத்தது. விரும்பியவர் அதைத் திருத்தலாம், தன் அனுபவத்தைச் சேர்க்கலாம், ஒப்பாத வரியை நீக்கலாம். பிறகு தன் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து நேரே டிராய்க்கு அனுப்பலாம். பத்து லட்சம் பேர் கையெழுத்திட்டாலும் மனு என்பது ஒரே ஆவணம்தான். பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதி அலமாரியில் வைத்துவிடலாம். இங்கே சென்றதோ, டிராய் தானே கேட்ட கேள்விகளுக்கு டிராய் தானே வகுத்த வடிவத்தில், குறித்த கெடுவுக்குள் எழுதப்பட்ட தனித்தனிப் பதில்கள். அவற்றைக் கருத்துக்கேட்பின் பதிவேட்டில் சேர்க்காமல் விட வழியில்லை.

ஏப்ரல் 11 அன்று ஏஐபி என்ற நகைச்சுவைக் குழு வெளியிட்ட காணொளி இதை நகரங்களின் இளைஞர்களிடையே பரவலாகக் கொண்டுசென்றது. அடுத்த சில நாள்களில் மின்னஞ்சல்கள் லட்சக்கணக்கில் பெருகின. சந்தையிலும் அழுத்தம் உணரப்பட்டது. செயலிக் கடைகளில் ஒற்றை நட்சத்திர மதிப்பீடுகள் குவிந்த நிலையில், ஏர்டெல் ஜீரோ தொடர்பான பேச்சுவார்த்தையிலிருந்து ஏப்ரல் 14 அன்று பிளிப்கார்ட் விலகியது. சில தளங்களை மட்டும் தரவுக் கட்டணமின்றித் தரும் பேஸ்புக்கின் இன்டர்நெட்.ஆர்க் திட்டத்திலிருந்து மறுநாள் பயணச்சீட்டுத் தளமான கிளியர்டிரிப் வெளியேறியது. ஏப்ரல் 22 அன்று ராகுல் காந்தி மக்களவையில் இதை எழுப்ப, அப்போதைய தொலைத்தொடர்பு அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் பதிலளித்தார்.

ஏப்ரல் 27 அன்று டிராய், தனக்கு வந்த கடிதங்களைத் தன் தளத்தில் வெளியிட்டது, அனுப்பியவர்களின் பெயர்களோடும் மின்னஞ்சல் முகவரிகளோடும். கருத்துகளை வெளியிடுவது அந்த ஆணையத்தின் நெடுநாள் நடைமுறை. அது போற்றத்தக்க நடைமுறையும்கூட. ஆனால் முப்பது நாற்பது நிறுவனங்களின் கடிதத் தாள்களுக்காக ஏற்பட்ட பழக்கத்தைப் பத்து லட்சம் தனிமனிதர்களின் முகவரிகள் மீது அப்படியே பொருத்தியது பொறுப்பற்ற செயல். முகவரிகளை மட்டும் மறைத்துவிட்டு உள்ளடக்கத்தை வெளியிடுவது கணினி அறிந்த எவருக்கும் சிறிய வேலை. உரிமைக்காக எழுதியவர்களின் முகவரிகள் விளம்பர அஞ்சல் அனுப்புவோருக்குக் கேளாமலே கிடைத்தன. அடுத்த முறை எழுதத் துணிபவர் ஒரு கணம் யோசிக்கவும் காரணம் உண்டாயிற்று. அன்றே டிராயின் தளம் முடங்கியது. அனானிமஸ் பெயரில் இயங்கிய ஒரு ஹேக்கர் குழு அதற்குப் பொறுப்பேற்றது. தடையற்ற அணுகலைக் கேட்கும் போராட்டத்தின் பெயரில் ஒரு பொது ஆவணத்தை எவரும் அணுக முடியாமல் செய்தது எந்த வகையிலும் உதவவில்லை, எதிர்த்தரப்புக்கு ஒரு பேச்சுப் பொருள் கிடைத்ததைத் தவிர.

இத்தனைக்கும் பிறகு முதல் சுற்றில் கிடைத்தது முடிவு அல்ல, தேக்கம். தொலைத்தொடர்புத் துறை அமைத்த குழு 2015 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை, சமவாய்ப்பைக் கொள்கையளவில் ஏற்றது. உள்நாட்டு இணைய அழைப்புகளுக்கு மட்டும் உரிமக் கட்டுப்பாடு வேண்டும் என்றது. இன்டர்நெட்.ஆர்க் தொடர்ந்து இயங்கியது. பத்து லட்சம் மின்னஞ்சல்கள் ஒரு தவறான முடிவைத் தள்ளிப்போட்டன; சரியான முடிவை அவை பெற்றுத்தரவில்லை.

இரண்டாம் சுற்று: எதிர்த்தரப்பும் கூட்டம் சேர்த்தது

2015 டிசம்பர் 9 அன்று வெளியான இரண்டாவது அறிக்கை, தரவுக்கு வேறுபட்ட கட்டணம் வசூலிப்பது பற்றி மட்டுமே பேசியது. 20 கேள்விகளுக்குப் பதில் 4 கேள்விகள். இம்முறை களத்தில் நேரடியாக நின்றது பேஸ்புக். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2015 பிப்ரவரியில் தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட சில தொலைத்தொடர்பு வட்டங்களில் அது தொடங்கிய இன்டர்நெட்.ஆர்க் இலவசச் சேவைக்கு, அதற்குள் ஃப்ரீ பேசிக்ஸ் என்ற புதுப் பெயர் வந்திருந்தது. பேஸ்புக் வகுத்த விதிகளுக்கு உட்பட்ட தளங்கள் மட்டுமே அதில் இடம்பெறும். பயனரின் போக்குவரத்து முழுவதும் பேஸ்புக்கின் இடைச் சேவையகங்கள் வழியாகச் செல்லும். இணையத்துக்கு வழியில்லாத ஏழைகளுக்கு இது முதல் படி என்பது நிறுவனத்தின் வாதம்.

அந்த வாதத்தைப் பரப்பப் பேஸ்புக் கையாண்ட வழி, ஏப்ரலில் தன்னார்வலர்கள் கையாண்ட வழியின் நகல். பயனர் உள்நுழைந்ததும் ஓர் அறிவிப்பு தோன்றும். பொத்தானை அழுத்தினால் ஃப்ரீ பேசிக்ஸை ஆதரிக்கும் ஆயத்தக் கடிதம் டிராய்க்குச் செல்லும். நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்களும் தெருக்களில் விளம்பரப் பலகைகளும் துணை நின்றன. வெளிநாட்டுப் பயனர்கள் சிலருக்கும்கூட இந்த அறிவிப்பு தோன்றியது. அது தவறுதலாக நடந்தது என்று நிறுவனம் விளக்கம் தந்தது. கோடிக்கணக்கானோர் அன்றாடம் வந்துபோகும் தளத்தின் உரிமையாளரே அந்தத் தளத்தை மனு சேகரிக்கும் மேசையாக மாற்றினால் எத்தனை கடிதங்கள் சேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணிக்கைப் போட்டியில் தன்னார்வலர்கள் வெகுதூரம் பின்தங்கினார்கள்.

ஆனால் அந்த ஆயத்தக் கடிதம் டிராய் கேட்ட நான்கு கேள்விகளில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. உள்ளடக்கத்தைப் பொறுத்துக் கட்டணத்தை வேறுபடுத்த அனுமதிக்கலாமா, அனுமதித்தால் பாகுபாட்டை எவ்வாறு தடுப்பது, அதே நோக்கத்தை அடைய மாற்று வழிகள் உண்டா என்பவையே கேள்விகளின் சாரம். வந்த கடிதங்களோ ஒரு குறிப்பிட்ட பொருளுக்கு ஆதரவு தெரிவித்தன. டிராய் கெடுவை ஜனவரி 7 வரை நீட்டித்தது. கேள்விகளுக்குப் பதில் தருமாறு மீண்டும் கேட்டுக்கொண்டது. அதன் பிறகும் நிலைமை மாறாததால் ஜனவரியில் பேஸ்புக்குக்கு எழுதிய கடிதத்தில், பொருள் பொதிந்த கலந்தாய்வு ஒன்று, பெரும்பான்மை பலத்தைக் காட்டுவதற்காகத் திட்டமிட்டு நடத்தப்படும் கருத்துக்கணிப்பாகத் தாழ்த்தப்படுகிறது என்று கடிந்துகொண்டது. அரசு ஆணையமொன்று உலகப் பெருநிறுவனத்திடம் இந்தத் தொனியில் பேசுவது அபூர்வம்.

தன்னார்வலர்கள் முன்போலவே கேள்வி வாரியாக எழுதினார்கள். ஐஐடிக்களிலும் இந்திய அறிவியல் நிறுவனத்திலும் பணியாற்றும் பேராசிரியர்கள் கூட்டறிக்கை வெளியிட்டு ஃப்ரீ பேசிக்ஸின் தொழில்நுட்பக் கட்டமைப்பை விமர்சித்தார்கள். தளம் பார்க்காமல், செயலி பார்க்காமல், ஒவ்வொரு பயனருக்கும் குறிப்பிட்ட அளவு தரவை இலவசமாகத் தரலாமே என்ற மாற்று யோசனை முன்வைக்கப்பட்டது. நான்கு கேள்விகளில் ஒன்று அதைத்தான் கேட்டிருந்தது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஏப்ரலில் சென்ற கடிதங்களும் பெரும்பாலும் ஆயத்த வாசகங்களே. ஆயத்தக் கடிதம் என்பதே குற்றமாகக் கருதப்பட்டிருந்தால் இரு தரப்பும் சேர்ந்தே தள்ளுபடி ஆகியிருக்கும். வேறுபாடு அந்தக் கடிதத்துக்குள் இருந்த சரக்கில்தான். இன்னொரு முரணும் உண்டு: ஏப்ரலில் பத்து லட்சம் என்ற எண்ணைப் பெருமையோடு முழங்கிய இயக்கம், எண்ணிக்கையை முடிவின் அளவுகோலாக்காத ஓர் ஆணையத்தால்தான் பிப்ரவரியில் காப்பாற்றப்பட்டது.

2016 பிப்ரவரி 8 அன்று வெளியான ஒழுங்குமுறை, உள்ளடக்கத்தின் அடிப்படையில் பாகுபாடான தரவுக் கட்டணம் வசூலிப்பதைத் தடைசெய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம். அவசரகாலச் சேவைகளுக்கும், பொது இணையத்தோடு சேராத மூடிய வலையமைப்புகளுக்கும் மட்டும் விலக்கு. இதனுடன் இணைந்த விளக்கக் குறிப்பு, கட்டண விவகாரம் என்ற வட்டத்தைத் தாண்டி 19(1)(அ) பிரிவைப் பேசியது. அலைக்கற்றை பொதுச் சொத்து, கருத்துப் பன்மைக்கு இடம் வேண்டும் என்று 1995இல் வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதை மேற்கோள் காட்டியது. தரவுக் கட்டண ஆணை ஒன்று பேச்சுரிமைத் தீர்ப்பின் மீது நின்றது. சில நாள்களில் பேஸ்புக் இந்தியாவில் ஃப்ரீ பேசிக்ஸை நிறுத்திக்கொண்டது.

ஆணையம் ஏன் செவிமடுத்தது

டிராயின் நல்லெண்ணம் மட்டுமே இதற்குக் காரணம் என்று நினைக்க இடமில்லை. 1997ஆம் ஆண்டின் டிராய் சட்டம், 11(4) பிரிவில், ஆணையம் தன் அதிகாரங்களைச் செலுத்தும்போது வெளிப்படைத்தன்மையை உறுதிசெய்ய வேண்டும் என்று கட்டளையிடுகிறது. கருத்துகளும் எதிர்க்கருத்துகளும் வெளியிடப்படுவதும், பொது விவாதக் கூட்டம் நடத்தப்படுவதும், முடிவோடு காரணங்கள் எழுதப்படுவதும் இந்தக் கட்டளையின் விளைவுகள். காரணம் எழுதியாக வேண்டிய இடத்தில், வாதம் உள்ள கடிதம் தனியொருவர் எழுதியதானாலும் மறுத்தோ ஏற்றோ பதில் சொல்ல வேண்டிய பொருளாகிறது. வாதம் இல்லாத கடிதம் பத்து லட்சம் படிகளில் வந்தாலும் மேற்கோள் காட்ட ஒரு வரிகூடத் தருவதில்லை.

இந்தக் கட்டளைக்கு எவ்வளவு வலு உண்டு என்பது மூன்று மாதம் கழித்து வேறொரு வழக்கில் தெரிந்தது. அழைப்புத் துண்டிப்புக்கு வாடிக்கையாளருக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற டிராயின் ஒழுங்குமுறையை 2016 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. நிறுவனங்கள் முன்வைத்த வாதங்களுக்கு உரிய பதில் தராமல் விட்டது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அதே தீர்ப்பு, பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு, காரணம் கூறி விதி வகுக்கும் முறையை எல்லா அமைப்புகளுக்கும் பொதுவான சட்டமாக்குமாறு நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. அப்படியொரு பொதுச் சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை.

எட்டாத இடங்கள்

இந்த இயக்கத்தின் பலவீனம், இரு சுற்றுகளிலும் பேசியவர்கள் யார் என்பதில் இருக்கிறது. ஆங்கில ஆவணம், நகர்ப்புற இணைய இணைப்பு, ஏற்கெனவே இருக்கும் மின்னஞ்சல் கணக்கு ஆகிய மூன்றும் உள்ளவர்களே எழுதினார்கள். ஃப்ரீ பேசிக்ஸ் யாருக்காக என்று சொல்லப்பட்டதோ அவர்கள், ஆதரவாகவும் எதிராகவும் குரல் எழுப்பியவர்களிடையே அநேகமாக இல்லை. பேஸ்புக் இந்த இடைவெளியை நன்றாகவே பயன்படுத்தியது. இணையம் உள்ளவர்கள் இல்லாதவர்களுக்குக் கிடைப்பதைத் தடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு இலவசத் தரவு யோசனை தர்க்கரீதியான பதில்தான். 2016 டிசம்பரில் கிராமப்புறச் சந்தாதாரர்களுக்கு மாதம் 100 எம்பி இலவசத் தரவு தரலாம் என்று டிராயும் பரிந்துரைத்தது. ஆனால் அந்தக் குற்றச்சாட்டை நடைமுறையில் செல்லாக்காசாக்கியது, 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் தரவு விலை சரிந்தது. அது சந்தைப் போட்டியின் விளைவு. அதில் இயக்கத்துக்குப் பங்கில்லை.

முதல் இரு சுற்றுகளில் உழைத்தவர்கள் 2016இல் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை நிறுவினார்கள். கருத்துக்கேட்பு என்ற கதவு இல்லாத இடத்தில் மின்னஞ்சல் திரட்டும் உத்தி எவ்வளவு தூரம் செல்லும் என்பது அதற்குப் பிறகு தெளிவாயிற்று. இணையத்தை முடக்கும் அதிகாரத்தை வரையறுக்கும் விதிகள் 2017 ஆகஸ்டில், 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தின் கீழ் நேரடியாக அரசிதழில் வெளியாயின. கேள்விகளும் கெடுவும் இல்லை. பதில் எழுதவும் இடமில்லை. 2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரில் இணையம் முடக்கப்பட்டது. 4ஜி சேவை முழுமையாகத் திரும்ப 2021 பிப்ரவரி ஆயிற்று. முடக்க ஆணைகளை வெளியிட வேண்டும், அவை நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டவை என்று 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது ஒரு பத்திரிகை ஆசிரியர் தொடுத்த வழக்கில். அதற்கு மின்னஞ்சல் வெள்ளம் எதுவும் காரணமல்ல. 2022 நவம்பரில் தரவுப் பாதுகாப்பு மசோதாவின் வரைவுக்குக் கருத்துக் கேட்கப்பட்டபோது, வரும் கருத்துகள் வெளியிடப்படமாட்டா என்று அறிவிப்பிலேயே சொல்லப்பட்டது. எதிர்த்தரப்பு என்ன எழுதியது என்று தெரியாதபோது மறுப்பு எழுதவும் வழியில்லை. டிராய் முகவரிகளையும் சேர்த்து வெளியிட்டது ஒரு கோடி என்றால் இது மறுகோடி.

இணையச் சமவாய்ப்பு 2018 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறையின் ஒப்புதலைப் பெற்று உரிம நிபந்தனைகள் வரை சென்றது. 2023 ஜூலையில் டிராய், இணையவழித் தகவல்தொடர்புச் செயலிகளை ஒழுங்குபடுத்துவது குறித்து மீண்டும் ஒரு கருத்துக்கேட்பு அறிக்கை வெளியிட்டது. பெரிய செயலிகள் வலையமைப்புச் செலவில் பங்கு தர வேண்டும் என்று, 2015இல் கேட்ட அதே முறையீட்டைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் எழுப்பின. இம்முறை கேள்விகளோடு புதிய பகுதி ஒன்றும் சேர்ந்திருந்தது: முழு இணையத்தையும் முடக்காமல், குறிப்பிட்ட செயலிகளை மட்டும் தேர்ந்தெடுத்துத் தடைசெய்வது எப்படி என்பது.